மேடம் பெட்டைதான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நம் கோழிகள் ஐந்து பேரும் நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் புரளுகிற குட்டியும் அதேபோல் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் பேசுகிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குத் தாள் தாளாக எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய், தெரியும். போனில் சொல்ல முடியாது பாப்பா. நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா, "அதெல்லாம் எதுக்கு அவகிட்ட, இங்க குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு, "கோழி விஷயம் முடிஞ்சிடுச்சும்மா, நீ சாப்பிட்டியா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள். ஒரே வரியில் முடிகிற விஷயமா அது? டெப்போவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது கண்டக்டர்கள் என்னைக் கண்டாலே வண்டிக்குப் பின்னால் ஒளிகிறார்கள். மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். சாய்ந்து உட்கார்ந்து, காலை உயரத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

கோழிகள் எல்லாரும் நீ போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவர்கள், போட்டோவில் பார்த்திருப்பாய், ஆனால் போட்டோவில் குணம் தெரியாது. முதலில் வந்தவள் பஞ்சு, சில்கி என்கிற ஜாதி, உடம்பில் இறகு மாதிரியே ஒன்றும் கிடையாது, பூனை ரோமம்தான், எதைக் கண்டாலும் அடைகாக்க உட்கார்ந்துவிடுவாள், ஒருமுறை ஒரு உருளைக்கிழங்கின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னைக் கொத்த வந்தாள். அடுத்தவள் கால்சட்டை, பிராமா ஜாதி, விரல் நுனிவரை இறகு, தலையணை அளவு உடம்பு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு இடி இடித்தால் அம்மாவின் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள். தலைப்பா போலிஷ் ஜாதி, உச்சிக்கொண்டை பூங்கொத்து மாதிரி விரிந்து கண்ணை மறைப்பதால் சுவரில் முட்டிக்கொள்வாள், நீ விட்டுப்போன ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து அம்மா அவளுக்குக் கொண்டை போட்டுவிடுகிறாள். தந்தி வெள்ளை லெகார்ன், மெலிந்த உடம்பு, ஒரு சருகு விழுந்தாலும் தெருவுக்கே செய்தி சொல்லிவிடுவாள். இவர்கள் நாலு பேரையும் மேய்ப்பவள்தான் மேடம். கன்னத்தில் தாடி மாதிரி இறகு, ஏதோ அரௌகானா வம்சமாம், எனக்கு வாயில் நுழையவில்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் ஒரு நடை. அம்மா வேலை பார்த்த கார்மெண்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் அம்மாள் அச்சு அசல் இப்படித்தான் நடப்பாராம், அதனால் வந்த பெயர் அது. ஒருத்தியையும் இதுவரை நாங்கள் வெட்டியதும் இல்லை, வெட்ட நினைத்ததும் இல்லை. சாயங்காலம் நான் டூட்டி முடிந்து வந்து படியில் உட்கார்ந்தால் என் ஷூ லேஸை யார் முதலில் அவிழ்ப்பது என்று அவர்களுக்குள் சண்டை நடக்கும்.

நடுவில் ஒரு சேவலும் இருந்தது. பெட்டைக்குஞ்சு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், வளர்ந்து பார்த்தால் சேவல். மேடம் இருக்கிற இடத்தில் ஒரு சார் வேண்டாமா என்று நான்தான் சார் என்று கூப்பிட்டேன். ஆனால் நம் குடியிருப்பில் வீட்டுக்கு நாலைந்து கோழி வைத்துக்கொள்ளலாம், சேவல் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். அதனால் சார் கூவ ஆரம்பித்ததுமே ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் எங்கள் டெப்போ மெக்கானிக் வீட்டுக்கு அவரை மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டோம். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தோம். கொஞ்ச நாள் போனது. ஒரு காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறேன், கொல்லையில் துருப்பிடித்த கேட்டை யாரோ இழுத்துத் திறந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேடம் சுவர்மேல் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, கூவுகிறாள். எனக்குக் கன்னம் கீறிவிட்டது. அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "சார் போயிட்டாரு இல்ல, அந்த வேலையையும் இவளே எடுத்துக்கிட்டா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்களுக்குச் சிரிப்பு, பக்கத்து வீட்டு நர்ஸுக்கு அழுகை. அந்தப் பெண் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு விடிந்த பிறகு வந்து படுக்கிறவள், அவள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் நம் கோழிக்கூடு. அவள் பாவம், எங்களிடம் வந்து சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சங்கத்தின் செயலாளரிடம் சொல்லியிருக்கிறாள். செயலாளரைத்தான் உனக்குத் தெரியுமே, முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டால் யாருக்கோ கெட்ட செய்தி என்று அர்த்தம். நாங்கள் சேவலை அனுப்பின மாதிரி அனுப்பிவிட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். போனோம். சங்கத்து ஹாலில் டேபிள் டென்னிஸ் மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள், தெருவே வந்திருந்தது. செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுந்து, "ஒரு வீட்டுக்காகத் தெருவே முழிச்சிக்கிட்டு இருக்க முடியாது. சேவலை மட்டும் எடுத்தா இன்னொண்ணைக் கொண்டாந்து வைப்பீங்க. அதனால அத்தனையையும் எடுத்துடுங்க. கறிக்கடைக்காரர்கிட்ட நானே பேசிட்டேன், நாளைக்கு வண்டி அனுப்பறேன்னுட்டார்" என்றார்.

கறிக்கடை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பாதி எழுந்துவிட்டேன். என் சட்டையை யாரோ பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். பார்த்தால் உன் அம்மா. "நான் பேசறேன்" என்றாள். பாப்பா, உன் அம்மா ஒரு கூட்டத்தில் எழுந்து பேசி நீ பார்த்திருக்கிறாயா? காலர் தைக்கிற ஹாலில் அத்தனை மிஷினும் ஓடும்போது வாயால் சொல்வது யாருக்கும் கேட்காது, கண்ணாலும் விரலாலும் பேசியே பழகியவள். உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால்கூட என்னைத்தான் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பாள். அவள் எழுந்து நின்று முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "சார், அது சேவல் இல்லைங்க. சேவல் போய் ரொம்ப நாளாச்சு. கூவுறது பெட்டைக்கோழி. கூட்டத்துல சேவல் இல்லாம போனா தலைமைக் கோழி சில சமயம் அப்படிப் பண்ணும்" என்றாள். ஒரே சிரிப்பு. பின்வரிசையில் எவனோ கொக்கரக்கோ என்று கூவியும் காட்டினான். செயலாளர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "ஏம்மா, பெட்டைக்கோழி எங்கயாவது கூவுமா?" என்று கேட்டார். உன் அம்மா, "எங்க வீட்டுல கூவுதுங்க" என்றாள். அந்தக் குரல் சன்னம்தான், ஆனால் பின்வரிசைவரை கேட்டது.

அப்புறம் அவர் விடவில்லை, இவளும் விடவில்லை. முட்டை போட்டுக் காட்டட்டும் என்றார். காட்டும் என்றாள். ஐந்து கோழி இருக்கிற இடத்தில் எது போட்ட முட்டை என்று யாருக்குத் தெரியும் என்றார். "மத்ததுங்க போடறது வெள்ளையும் பழுப்பும்தான். இவ போடறது நீலம். வானத்துல கொஞ்சம் பச்சையைக் கரைச்ச மாதிரி இருக்கும். இந்தத் தெருவுலயே வேற எந்தக் கோழிக்கும் அப்படி வராது. நகராட்சியிலேருந்து சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்க, நீங்களும் வந்து உக்காருங்க" என்றாள். "அவங்க வர்ற அன்னிக்கு அது போடலைன்னா?" என்று அவர் கேட்டபோது கொஞ்சம் நின்றாள். பிறகு, "போடலைன்னா அஞ்சையும் நானே கூடையில வச்சு எடுத்துட்டுப் போய் யாருக்காவது குடுத்துடறேன். கறிக்கடை வண்டி மட்டும் எங்க வாசலுக்கு வரக்கூடாது" என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். நான் அவள் முந்தானையை இழுத்துப் பார்த்தேன். ஏனென்றால் மேடம் இறகு உதிர்க்கிற பருவத்தில் இருந்தாள், அந்தப் பருவத்தில் கோழி முட்டையை நிறுத்திவிடும், நீல முட்டையைப் பார்த்தே எங்களுக்கு வெகு நாளாகியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "அவ இப்ப போடறதில்லையேம்மா" என்றேன். "தெரியும்" என்றாள். "அப்புறம் எப்படி?" என்றேன். "போடுவா" என்றாள். வாசலில் பூட்டுக்குள் பீரோ சாவியைத் திணித்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கித் திறந்தேன்.

அடுத்து வந்த நாட்கள் எப்படிப் போயின என்கிறாய்? மேடம் பார்க்கச் சகிக்காமல் இருந்தாள், கழுத்து பாதி மொட்டை, வால் ஒரு பக்கம் இல்லை, ஆனால் நடை மட்டும் அதே சூப்பர்வைசர் நடை, காலையில் கூவலும் தவறவில்லை. அம்மா அவளுக்குக் கீரையும் சோளமும் அவித்த பருப்பும் என்று தனிப்பந்தி நடத்தினாள். யாரும் அவளை விரட்டக்கூடாது, தூக்கக்கூடாது, நான் கொல்லையில் இருமினால்கூட முறைப்பாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலுக்கு அடித்த நீலப் பெயிண்ட் பரணில் கொஞ்சம் இருந்தது, தந்தி போட்ட வெள்ளை முட்டை ஒன்று கையில் இருந்தது, இரண்டையும் சேர்த்து ஒரு யோசனை வந்துவிட்டது. ஏணியில் ஒரு கால்தான் வைத்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், முட்டையைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். "அதை உள்ள வைங்க" என்றாள். வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாலை நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "இங்க வாங்க, இங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதுவரை வெளிறிக் கிடந்த மேடத்தின் கொண்டை ஓரத்தில் சிவக்க ஆரம்பித்திருந்தது. கொண்டை சிவந்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம் பாப்பா. ஆனால் ஆய்வாளர் வருகிற நாள்வரை கூட்டில் மேடத்தின் முட்டை ஒன்றுகூட விழவில்லை.

அன்றைக்கு நான் டூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். செயலாளர் வந்தார், நர்ஸ் தூக்கம் கலையாத கண்ணோடு வந்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தலைகள். ஆய்வாளர் ஒரு அம்மாள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் பணிவாக "வாங்க மேடம்" என்றேன், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நம் மேடமும் ஓடிவந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்தாளா? துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டைத் திறக்கிற அந்தக் கூவலைக் கூவினாள். செயலாளர், "கேட்டீங்கல்ல? காதால கேட்டீங்கல்ல?" என்று குதித்தார். ஆய்வாளர் அம்மாள் மேடத்தைத் தூக்கி, காலைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். "சேவலுக்குக் கழுத்து இறகு கூரா இருக்கும், இதுக்கு உருண்டையாத்தான் முளைக்குது. பெட்டை மாதிரிதான் தெரியுது. ஆனா கூவுறதையும் கேட்டுட்டேனே, இதை நான் என்னன்னு சொல்லிட்டுப் போறது" என்று ஹெல்மெட்டை மாட்டப் போனார். நான் விடுவேனா, டீ சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டேன். உலகத்தில் அவ்வளவு மெதுவாக யாரும் டீ போட்டிருக்க முடியாது. சர்க்கரையைத் தேடினேன், கிடைத்த சர்க்கரையைக் கொட்டினேன், கொட்டியதைத் துடைத்தேன், தம்ளரைக் கழுவினதையே மறுபடி கழுவினேன். வெளியே செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிற சத்தம் உள்ளே கேட்டது.

நான் தட்டோடு வெளியே வந்தபோது மேடம் கூட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். உள்ளே முட்டையிடும் பெட்டியில் பஞ்சு வழக்கம்போல் எதன் மேலோ உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கொத்து, பஞ்சு பந்து மாதிரி உருண்டு வெளியே வந்தாள். மேடம் உள்ளே போனாள். அம்மா பெட்டியைத் துழாவி, பஞ்சு உட்கார்ந்திருந்தது வெறும் வைக்கோல்தான் என்று எல்லாருக்கும் காட்டிவிட்டுத் தள்ளி வந்து நின்றாள். டீ ஆறியது. திடீரென்று கொக்கொக்கென்று ஒரு கூச்சல், எல்லாரும் எழுந்துவிட்டார்கள், பார்த்தால் தந்தி, ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்துவிட்டாளாம். மறுபடி உட்கார்ந்தார்கள். நர்ஸ் மட்டும் உட்காரவில்லை, கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, "போடும்மா, போடு" என்று முணுமுணுத்தாள், பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள் அல்லவா, பழக்கம் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மேடம் வெளியே வந்தாள். உடம்பை உலுக்கினாள். அப்புறம் ஆரம்பித்தாள் பார், கூவல் இல்லை, சுத்தமான பெட்டைக்கோழியின் கொக்கரிப்பு, ஊரெல்லாம் கேட்கிற மாதிரி, நிறுத்தாமல். அம்மா பெட்டிக்குள் கையை விட்டாள். அந்த ஒரு நொடி அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாண நாளில்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கையை வெளியே எடுத்தாள். நீலம். மழை விட்ட வானம் மாதிரி நீலம், சூடு ஆறாத முட்டை.

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டலும் விசிலும் ஆரம்பித்துவிட்டது, கூட்டத்தில் கூவிக்காட்டினவன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். நானாக இருந்தால் முட்டையைச் செயலாளரின் மூக்குக்கு நேராக நீட்டியிருப்பேன். உன் அம்மா நேரே போய் நர்ஸின் உள்ளங்கையில் வைத்தாள். "இவ பெட்டைங்கறது நெசம். கூவறதும் நெசம், உன் தூக்கம் கெட்டதும் நெசம்தான். அதுக்கு நான் வழி பண்றேன், ஆனா இனிமே ஏதாவதுன்னா நேரா எங்கிட்ட வந்து சொல்லு" என்றாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். "எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான்க்கா, அனுப்பிடுங்கன்னு நான் சொல்லவே இல்லை" என்றாள். ஆய்வாளர் அம்மாள், இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று மேடத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கோழிகளுக்குத் தடையில்லை என்று அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். செயலாளர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அந்த முட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் வந்து, "தப்பா நெனச்சுட்டேம்மா" என்றார். நல்ல மனுஷன்தான். கூட்டை வாசல் பக்கம் மாற்றுவதற்கு மறுநாள் அவரே வந்து ஒரு பக்கம் பிடித்தார். இப்போது நர்ஸுக்குச் சத்தம் எட்டுவதில்லை, நமக்குத்தான் எட்டுகிறது, அது போகட்டும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. அடுத்த கூட்டத்துக்கு அம்மா தானாகவே கிளம்பினாள், தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தை மாற்ற வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டாள், மாற்றிவிட்டார்கள். இப்போது அவளைக் கமிட்டியிலேயே சேர்த்துக்கொண்டாயிற்று. குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டதும் மேடத்தைப் பார்க்க வாசலில் வந்து நிற்கின்றன, அம்மா ஒவ்வொரு கோழியாக அவர்கள் மடியில் கொடுத்துத் தடவச் சொல்கிறாள். என் பாடுதான் திண்டாட்டம், டீயில் சர்க்கரை கூடினால்கூட இப்போது காரணம் கேட்கிறாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்கான செய்தி. பிரசவ சமயத்தில் அம்மாவை அனுப்பிவைக்க முடியுமா என்று நீ என்னிடம் தனியாகக் கேட்டாய். எனக்கு லீவு கிடைக்காது, அவள் தனியாக அவ்வளவு தூரம் வரமாட்டாள், நீ ஆசையை வளர்த்துக்கொள்ளாதே என்று நான் சொன்னேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் பெரிய பெட்டியை இறக்கிக் கட்டில்மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன இது என்றேன். "எம் பொண்ணுகிட்டப் போறேன்" என்றாள். நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும், அங்கே நம் பாஷை யாருக்கும் தெரியாது என்று நான் இழுத்தேன். "மாறிக்கறேன். வழி தெரியலைன்னா கேக்கறேன். வாய் எதுக்கு இருக்கு?" என்றாள். டிக்கெட் போட்டாயிற்று. கோழிகளை நான் பார்த்துக்கொள்கிறேன், தலைப்பாவுக்குக் கொண்டை போட இப்போதே பாடம் நடக்கிறது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, மாப்பிள்ளையையும் தூங்கச் சொல். நீயும் பிறக்கப்போகிற குழந்தையும் குறையொன்றும் இல்லாமல் நிறைந்து வாழ அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் வை. விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போய்விடு, ஆனால் அவள் வெளியே வரும்போது கையை ஆட்டிக் கூப்பிட்டு ஓடாதே. கொஞ்சம் தள்ளி நில். அத்தனை ஜனங்களுக்கு நடுவில் உன் அம்மா தன் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு, யாரையாவது நிறுத்தி வழி கேட்டு, நிமிர்ந்து நடந்து வருவாள். அதை எனக்காக நீ நின்று பார்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா